சுஹைல் ஏந்தும் குரல்கள்: வானில் ஓர் அறக்கொடையின் வரலாறு

வளைகுடா நாடுகளில் ஆகஸ்டு மாதத்தின் இறுதி நாள்களில், விடியலுக்குச் சற்று முன்னர், தென் அடிவானத்தில் ஒளிமிக்க விண்மீன் ஒன்று தலைகாட்டும். அரபு மக்கள் அதனை சுஹைல் என்பர். நெருப்பெனக் காய்ந்த கோடை இனித் தணியும் என்பதற்கு அதன் வருகையே அடையாளம். இதே விண்மீனைத் தமிழர் அகத்தியரின் பெயரால் அறிவர். அரபு மாலுமிகள் அடிவான வட்டத்தை முப்பத்திரண்டு திசைகளாகப் பகுத்து, அவற்றுக்கு விண்மீன்களின் பெயர்களை இட்டு வழங்கினர். தெற்கையொட்டிய திசைகளுள் ஒன்றின் பெயர் சுஹைல். கீஷ் தீவிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் காயல் துறைக்குக் குதிரைகளை ஏற்றி வந்த கலங்கள் கடந்தது இந்த விண்மீன் காவல் நின்ற கடலையே.

2018 நவம்பர் 15 அன்று அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்திலிருந்து ஃபால்கன் 9 ஏவுகலம் ஒன்று புறப்பட்டது. அது சுமந்து சென்ற செயற்கைக்கோள் கத்தார் நாட்டுக்குரியது. அதன் பெயர் 'எஸ்ஹைல் 2'. சுஹைல் என்னும் சொல் வளைகுடா வழக்கில் ஒலிக்கும் வடிவமே அது. தொலைக்காட்சி ஒளிபரப்பும் அரசு, வணிகத் தகவல் தொடர்புமே அக்கோளின் முதன்மைப் பணிகள். ஆயினும் அதனுள் ஒரு சிறு பகுதி, வணிகம் எதுவும் நடைபெறாத, எவரிடமும் கட்டணம் கேட்காத பொது இடமாக ஒதுக்கப்பட்டிருந்தது. உலகின் அமெச்சூர் வானொலியாளருக்குப் புவிநிலை வட்டப்பாதையில் கிடைத்த முதல் இடம் அதுவே. அவ்விடம் எவ்வாறு கிடைத்தது, அது எத்தகைய கொடை, அக்கொடை நிலைப்பதற்கு என்ன வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நிலைத்து நிற்கும் இடம்

அமெச்சூர் வானொலியாளர் என்போர் அரசு நடத்தும் தேர்வில் தேறி, உரிமம் பெற்று, ஊதியம் கருதாது வானலை வழியே ஒருவரோடொருவர் உரையாடுவோர். 'ஹாம்' என்னும் பெயரும் அவர்களுக்கு உண்டு. பலர் தம் கருவிகளைத் தாமே அமைத்துக் கொள்வர். ஏனைய தொடர்புகள் அற்றுப்போகும் நாளில்தான் இவர்களின் அருமை ஊருக்குப் புலப்படும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, வானொலிப் பயணமாக அங்கே சென்றிருந்த இந்திய ஹாம் குழுவினர், தொலைபேசி செயலிழந்த அத்தீவுகளிலிருந்து செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பியதை நாம் நினைவுகூரலாம்.

இவர்களின் சிற்றலை வானொலி, காற்று மண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகளை நம்பியே தொலைதூரம் செல்கிறது. அவ்வடுக்கோ கதிரவனின் போக்கிற்கேற்ப மாறும் இயல்பினது. இன்று கேட்கும் குரல் நாளை கேட்காது. வானில் அசையாது நிற்கும் ஒரு நிலையம் இருந்தால் இக்குறை நீங்கும். அத்தகைய நிலையம் இயலும் என்பதை 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் எழுதிய கட்டுரையில் விளக்கியவர் ஆர்தர் சி. கிளார்க். பிற்காலத்தில் இலங்கையைத் தம் தாயகமாகக் கொண்டு 2008இல் கொழும்பில் மறைந்தவர் அவர். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் கோள், புவி ஒரு முறை தன்னைச் சுற்றும் அதே நேரத்தில் தானும் ஒரு சுற்றை முடிக்கும். ஆதலின் கீழிருந்து காண்போருக்கு அது ஒரே இடத்தில் நிற்பதாகவே தோன்றும்.

கிளார்க்கின் எண்ணம் பதினெட்டு ஆண்டுகளில் செயலாயிற்று. 1963 ஆகஸ்டு 23 அன்று 'சின்காம் 2' கோள் வழியாக அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி, நைஜீரியாவின் தலைமை அமைச்சர் அபூபக்கர் தஃபாவா பலேவாவுடன் உரையாடினார். அந்நாள் முதல் அவ்வட்டப்பாதை அரசுகளுக்கும் பெருநிறுவனங்களுக்கும் உரிய உயர்குடியிருப்பாக ஆயிற்று. எளிய வானொலியாளர் அதனை அண்ணாந்து பார்த்தபடி நின்றனர்.

அரை நூற்றாண்டுக் காத்திருப்பு

அவர்கள் வாளா இருந்தனர் எனக் கருதலாகாது. 1961 டிசம்பர் 12 அன்றே, முதல் ஸ்புட்னிக் சென்று நான்கு ஆண்டுகளுக்குச் சற்றே மேலான காலத்தில், கலிஃபோர்னியாவின் அமெச்சூர்கள் தம் கையால் அமைத்த 'ஆஸ்கர் 1' விண்ணில் வலம் வந்தது. வேறொரு கோளை ஏற்றிச் சென்ற ஏவுகலத்தில் எடையைச் சமன்செய்ய வைக்கும் கட்டியின் இடத்தில் அது அமர்ந்து சென்றது. மோர்ஸ் குறிப்பில் 'ஹாய்' என்னும் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, சில வாரங்களில் காற்று மண்டலத்தில் எரிந்து மறைந்தது. 1965இல் சென்ற 'ஆஸ்கர் 3' தரையிலிருந்து வரும் குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் ஆற்றலைப் பெற்றிருந்தது. 1969இல் 'ஆம்சாட்' அமைப்பு தோன்றியது.

1974 நவம்பர் 15 அன்று சென்ற 'ஆஸ்கர் 7' பற்றித் தனியே கூறத் தகும். அதன் மின்கலம் பழுதுற்று 1981இல் அது வாய் மூடியது. இறந்ததென அனைவரும் கைவிட்ட அக்கோள் 2002ஆம் ஆண்டில் மீண்டும் குரல் கொடுத்தது. பழுதுற்ற மின்கலம் முற்றிலும் துண்டிக்கப்பட்டமையால், கதிரொளி படும் நேரத்தில் சூரியத் தகடுகளின் மின்சாரம் நேரே கருவிகளுக்குக் கிடைக்கலாயிற்று. எஸ்ஹைல் 2 புறப்பட்டதும் அதே நவம்பர் 15ஆம் நாளிலேயே, நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து.

தாழ்ந்த வட்டப்பாதையில் செல்லும் கோள்கள் நம் தலைக்கு மேலே கால் மணி நேரமே தங்குகின்றன. இதற்கு மாற்றாக, நீள்வட்டப் பாதையில் நெடுந்தொலைவு சென்று பல மணி நேரம் கண்ணில் படும் கோள்களை ஜெர்மனியின் கார்ல் மைன்ஸரும் அவர்தம் குழுவினரும் வடிவமைத்தனர். அவற்றுள் முதலாவது 1980 மே 23 அன்று ஏரியான் ஏவுகலம் பழுதுற்றதால் கடலில் வீழ்ந்தது. மனம் தளராது முயன்று 1983இலும் 1988இலும் இரு கோள்களை நிலைநிறுத்தினர். 2000 நவம்பரில் சென்ற 'ஆஸ்கர் 40' அறுநூறு கிலோவுக்கும் மேற்பட்ட எடையுடையது. பல நாட்டு அமெச்சூர்களின் பல்லாண்டு உழைப்பு. சென்ற மறுமாதமே அதன் உந்துபொறி அமைப்பில் நேர்ந்த விபத்தால் ஊனமுற்று, 2004 ஜனவரியில் அடங்கிப்போயிற்று. அவ்வளவு பெரிய கோளை மீண்டும் அமைக்கும் வசதி அவர்களிடம் இல்லை. புவிநிலைக் கோள் என்னும் கனவு 1980களிலேயே திட்டமாக வரையப்பட்டுப் பொருளின்றிக் கிடந்தது.

நம் நாடும் இவ்வரலாற்றில் பங்கேற்றது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில், அன்றைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நாட்டுக்கு அர்ப்பணித்த இரண்டாவது ஏவுதளத்திலிருந்து சென்ற பி.எஸ்.எல்.வி. கலம், 42.5 கிலோ எடையுள்ள 'ஹாம்சாட்' கோளையும் ஏற்றிச் சென்றது. 2014 ஜூலை வரை, ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாக அது உலக வானொலியாளருக்கு உழைத்தது. அதுவும் தாழ்பாதைக் கோளே.

கத்தார் அளித்த இடம்

தனிக்கோள் அமைத்து அனுப்ப இயலாதெனில், பிறர் அனுப்பும் கோளில் ஒரு மூலையைக் கேட்டுப் பெறுவதே எஞ்சிய வழி. அவ்வழியைத் திறந்தது கத்தார். அந்நாட்டின் அமெச்சூர் வானொலிச் சங்கத் தலைவர் அப்துல்லாஹ் பின் ஹமத் அல்-அதிய்யா, நாட்டின் துணைப் பிரதமராகவும் எரிசக்தி அமைச்சராகவும் இருந்தவர். அவர் தாமும் ஒரு வானொலியாளர். கத்தாரின் எஸ்ஹைல்சாட் நிறுவனம் தன் இரண்டாவது கோளை அமைக்க முனைந்தபோது, அதில் அமெச்சூர்களுக்கென இரு 'டிரான்ஸ்பாண்டர்'களை இணைக்க வழி பிறந்தது. ஒரு வரிசையில் வரும் அலைகளை வாங்கி, வேறொரு வரிசைக்கு மாற்றி, வலுவூட்டித் திருப்பி அனுப்பும் கருவியே டிரான்ஸ்பாண்டர் ஆகும். அதன் தொழில்நுட்ப வரையறையை ஜெர்மன் ஆம்சாட் அமைப்பு வகுத்தது. கோளைக் கட்டியது ஜப்பானின் மிட்சுபிஷி எலக்ட்ரிக்.

2019 பிப்ரவரி 14 அன்று தோஹாவில் அது பயன்பாட்டுக்குத் திறந்து விடப்பட்டது. ஆஸ்கர் வரிசையில் நூறாவது என்பதால் 'கத்தார்-ஆஸ்கர் 100' எனப் பெயர் பெற்றது. கிழக்கு நெடுங்கோடு ஏறத்தாழ 26 பாகையில் நிற்கும் அதன் பார்வை மேற்கே பிரேசில் முதல் கிழக்கே தாய்லாந்து வரை பரவுகிறது. ஆப்பிரிக்கா முழுவதும், ஐரோப்பா, அரபு நாடுகள், இந்தியா, இலங்கை ஆகியன அதனுள் அடங்கும். தென்முனைக் கண்டத்தில் ஜெர்மனியின் நாய்மயர் ஆய்வு நிலையத்திலிருந்து பேசிய குரலையும் அது பள்ளி மாணவருக்குக் கொண்டு சேர்த்தது.

அது விண்ணேறிய காலத்தை நாம் மறத்தலாகாது. 2017 ஜூனில் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நாடுகள் கத்தாருடன் உறவை முறித்தன. தரை எல்லை மூடப்பட்டது, வான்வழி அடைக்கப்பட்டது. அத்தடை 2021 ஜனவரி வரை நீடித்தது. அக்காலத்தில் கத்தார் வானில் திறந்து வைத்த வாயிலோ, மூடிய எல்லைக்கு அப்பால் வாழ்ந்தோருக்கும் திறந்தே இருந்தது. மேலேறி வரும் அலை எந்நாட்டு மண்ணிலிருந்து புறப்பட்டதென டிரான்ஸ்பாண்டர் வினவுவதில்லை.

கடைமடைக்கும் நீர்

இப்பொது இடத்தில் உரையாடும் முறையில் ஓர் அறம் பொதிந்துள்ளது. குரல் உரையாடலுக்கான பகுதி தொடக்கத்தில் 250 கிலோஹெர்ட்ஸ் அகலமே உடையதாக இருந்தது, பின்னர் விரிவுபடுத்தப்பட்டது. மற்றொன்று எட்டு மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் படக்காட்சிகளுக்கென அமைந்தது. குரல் பகுதியில் ஒரே நேரத்தில் பலர் வெவ்வேறு அலைவரிசைகளில் பேச இயலும். எனினும் கோளின் ஆற்றல் ஓர் அளவினது. அதனை அனைவரும் பங்கிட்டுக் கொண்டாக வேண்டும். ஒருவர் மிகுந்த வலுவோடு அலையை அனுப்பினால், கோள் அவருக்கே ஆற்றலைச் செலவிடும். மெலிந்த குரல்கள் மேலும் மெலியும். ஏரியின் தலைமடைக்காரர் மதகை அகலத் திறந்தால் கடைமடை வயல் காய்வதை நம் ஊர்களில் கண்டவர்களுக்கு இது விளங்கும்.

ஆதலின் ஒரு விதி வகுக்கப்பட்டது. கோளிலிருந்து எப்போதும் ஒலித்துக் கொண்டிருக்கும் அடையாள ஒலியைவிட எவருடைய குரலும் வலுத்திருக்கலாகாது. மீறுவோரின் அலைவரிசையில் எச்சரிக்கை ஒலி எழுப்பும் காவல் ஏற்பாட்டுக்கு 'லைலா' என்று பெயர். ஆற்றல் எல்லையைக் காட்டுவது எனப் பொருள்படும் ஜெர்மானியத் தொடரின் சுருக்கம் அது. அரபுச் செவிகளுக்கோ நன்கு பழகிய பெயர். முக்கால் மீட்டர் விட்டமுள்ள ஒரு டிஷ்ஷும், சிறு மின்விளக்கு உண்ணும் அளவான ஐந்து வாட் ஆற்றலும் போதும். பேசுபவர் தம் குரல் கோளுக்குச் சென்று திரும்பி வருவதைக் கால் விநாடி கழித்துத் தாமே கேட்கலாம். வலு மிகுந்ததா என்பதைத் தாமே அறிந்து குறைத்துக் கொள்ளலாம். காவலரினும் முன்னதாகத் தன் செவியே தன்னைத் திருத்தும் ஏற்பாடு இது.

கிண்ணமும் திசையும்

அக்கோளை நோக்க விழையும் வானொலியாளர் முதலில் அறிய வேண்டுவது திசை. கோளுக்கு நேர் கீழே நிலநடுக்கோட்டில் ஒரு புள்ளி உண்டு. நாம் நிற்கும் ஊரிலிருந்து அப்புள்ளி எத்திசையில் உள்ளது எனக் கணக்கிட்டால் டிஷ்ஷின் முகம் திரும்ப வேண்டிய திசை கிட்டும். கோளத்தின் மேல் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்தின் திசையைக் காணும் இக்கணக்கு நம் முன்னோருக்குப் புதியதன்று. கிப்லாவை அறிய அவர்கள் செய்த கணக்கும் இதுவே. அல்-பிரூனி 1025ஆம் ஆண்டளவில் எழுதிய இடங்களின் எல்லைகளை வரையறுக்கும் நூல், கஸ்னா நகரின் கிப்லாவைக் காணும் நோக்கோடு ஊர்களின் தூரங்களை ஆராய்வது. பதினான்காம் நூற்றாண்டில் திமிஷ்கின் அல்-கலீலி கிப்லாவுக்கென விரிவான அட்டவணைகளை அமைத்தார். சென்னையில் நிற்பவருக்குக் கிப்லா நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே அமைகிறது. கத்தாரின் கோள் 9 பாகை தெற்கே, அடிவானிலிருந்து 27 பாகை உயரத்தில் நிற்கிறது. இரண்டுக்கும் கணிதம் ஒன்றே.

டிஷ்ஷின் வடிவமும் அவ்வாறே. தொலைவிலிருந்து இணையாக வரும் கதிர்கள் அனைத்தையும் ஒரு புள்ளியில் குவிக்கும் பரவளையக் கண்ணாடியைக் கிரேக்கர் அறிந்திருந்தனர். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னு அல்-ஹைஸம், எரிகண்ணாடிகள் குறித்து எழுதிய நூலில் அதற்குத் தெளிவான நிறுவலை அளித்தார். இதனைக் கூறுவதால், இன்றைய வானொலிக் கிண்ணத்தை அன்றே கண்டுபிடித்து விட்டனர் என நாம் வாதிடவில்லை. அத்தகைய பெருமிதம் நம்மை ஏமாற்றும்; நம் பிள்ளைகளைச் சோம்பலில் ஆழ்த்தும். கத்தார்-ஆஸ்கர் 100இல் ஜெர்மானியரின் அறிவும் ஜப்பானியரின் கைத்திறனும் அமெரிக்கரின் ஏவுகலமும் சேர்ந்துள்ளன. அரபு நாட்டின் பங்கு இடமும் பொருளும் மனமும் ஆகும். அது சிறிதன்று, எனினும் அது முழுமையுமன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மராகா கூறும் பாடம்

அறிவுக்கு அளிக்கும் கொடை எவ்வளவு காலம் நிலைக்கும்? இஸ்லாமிய வரலாறு இவ்வினாவுக்கு இருவகை விடை தருகிறது. உலூக் பேக் சமர்கந்தில் எழுப்பிய பெரும் வான்நோக்கு நிலையம், 1449இல் அவர் கொல்லப்பட்டபின் நெடுநாள் நிற்கவில்லை. இஸ்தான்புல்லில் தகியுத்தீன் அமைத்த நிலையம் எழுந்த சில ஆண்டுகளிலேயே, 1580இல், ஆணையிட்டு இடிக்கப்பட்டது. கொடையாளி மறைந்ததும், அல்லது அவர் மனம் மாறியதும், அறிவின் இல்லமும் சரிந்தது.

இவற்றுக்கு மாறானது மராகா. ஹிஜ்ரி 657இல், அதாவது 1259இல், நஸீருத்தீன் தூஸியின் தலைமையில் அது தொடங்கிற்று. வக்ஃப் சொத்துகளின் வருவாய் அதன் பேணுகைக்குக் கிடைக்க வழி செய்யப்பட்டிருந்தது. அதனை நிறுவச் செய்த ஹுலாகு 1265இல் இறந்தார். தூஸி 1274இல் மறைந்தார். ஆயினும் பணி அடுத்த நூற்றாண்டின் தொடக்கம் வரை தொடர்ந்தது. வேறுபாடு மன்னரின் பெருந்தன்மையில் இல்லை, ஏற்பாட்டில் இருந்தது. தனிமனிதரின் விருப்பத்தைக் கடந்து நிற்கும் சட்ட வடிவமே வக்ஃப் என்பதன் உயிர். உடைமை ஒருவருக்கும் உரியதாகாது. பயன் அனைவருக்கும் சேரும்.

கத்தாரின் கொடை பயனளவில் வக்ஃபை ஒத்தது. கட்டணமில்லை, வேற்றுமையில்லை, வலியோர் மெலியோரை அமிழ்த்த இடமில்லை. ஆனால் காலத்தளவில் அது வக்ஃப் அன்று. எஸ்ஹைல் 2 பதினைந்து ஆண்டுகளோ அதற்குச் சற்று மேலோ வாழுமென வடிவமைக்கப்பட்டது. 2030களில் அதன் எரிபொருள் தீரும் நாள் வரும். அன்று அதன் பொது இடமும் உடன் மறையும். ஒரு கோளில் இடம் ஒதுக்க ஒருவர் மனம் வைத்தார். அடுத்த கோளில் யார் வைப்பர் என்பது எழுதப்படவில்லை. வானில் புதிய கோள்களைச் செலுத்தும் ஒவ்வொரு நாடும், நம் நாடு உட்பட, அவற்றில் ஒரு சிறு பங்கு பொதுவுக்கு எனும் மரபை ஏற்படுத்தினால் மட்டுமே மராகாவின் வழி நமக்குக் கைகூடும். ஹாம்சாட்டை அனுப்பிய நாட்டுக்கு அது இயலாத செயலன்று.

கொடுப்போர் இருந்தால் போதாது. பெறத் தகுதியுடையோரும் வேண்டும். ஐரோப்பியர் தம் முற்றத்தில் டிஷ் நிறுத்தி அக்கோளோடு உரையாடுகின்றனர். அதே கோளின் பார்வையில் வாழும் நம் கடற்கரை ஊர்களில், வளைகுடாத் தொலைக்காட்சியைக் காட்டிய டிஷ்கள் பல மொட்டை மாடிகளில் இன்னும் துருவேறி நிற்கின்றன. அவை அக்கோளின் குரலை வாங்கும் வடிவம் உடையவை. அதன் முகப்பிலுள்ள எல்.என்.பி.யே அந்த அலைவரிசைக்கு ஏறக்குறையப் பொருந்தும். சொந்தக் கருவி இல்லாதோரும் இங்கிலாந்தின் கூன்ஹில்லி நிலையத்திலுள்ள பொதுக் கருவியை இணையம் வழியே திறந்து அக்குரல்களைக் கேட்கலாம். 1962இல் டெல்ஸ்டார் கோளின் படத்தை வாங்கிய பழம்பெரும் நிலையம் அது. கேட்பதில் தொடங்கி, கற்று, தேர்வெழுதி, பேசும் நிலைக்கு உயர்வதே முறையான படி. நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஒரு மூலையில் ஒரு மேசையும் ஓர் ஆசிரியரும் கிடைத்தால் இது தொடங்கிவிடும்.

சுஹைல் தோன்றுவதைக் கண்டு கோடை தணியுமென அறிந்தவர்கள், அதனைக் காண விடியுமுன் எழுந்து தென்திசை நோக்கிக் காத்திருந்தவர்களே. உறங்கியவருக்கு அவ்விண்மீனும் இருந்ததில்லை. நம் மாடியின் டிஷ்ஷை ஒன்பது பாகை தெற்கே திருப்பி வைக்கும் இளைஞர் ஒருவர் நம் ஊரில் எழுந்தால், தோஹாவில் திறந்து வைத்த வாயில் நமக்கும் உரியதாகும். அது மூடும் நாளுக்கு முன் அடுத்த வாயிலைக் கேட்டுப் பெறும் குரலும் அவரிடமிருந்தே எழும்.